சேவல் இறகில் ஒரு நெத்திலி

என் கணவரின் வலது கையில் மூன்று விரல்கள் இருந்தும் இல்லாமல் போன வருடத்தில்தான் அந்தத் தூண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. எண்பதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் ரயில்வேயில் வரைபடம் போடும் பிரிவில் இருந்தார். நான் முன்கூடத்தில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முன்னால் எல்லா வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக் கழுவுவது வழக்கம். அந்தக் காலத்து ஜன்னல்களில் கண்ணாடி பட்டை பட்டையாகச் செருகியிருக்கும். அதில் ஒரு பட்டை அவர் கையிலேயே உடைந்து மணிக்கட்டுக்குள் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். காயம் ஆறியது. விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. குத்திப் பார்த்தவள் நான்தான், தையல்காரி வீட்டில் ஊசிக்கா பஞ்சம். நரம்பு மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரைக்கும் மெல்ல மெல்ல வளர்ந்து வரவேண்டும், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வளர்வதற்கு அது என்ன புடலங்கொடியா என்று எனக்குக் கோபம் வந்தது. டாக்டரைக் கோபித்து என்ன செய்வது.

பேனாவைப் பிடித்தால், பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பார்வை விலகினால் பேனா கீழே கிடக்கும். மயிரிழை தப்பாமல் கோடு போட்ட மனிதரை அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்றார்கள். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. அந்த விரல்களுக்கு உயிர் வரவேண்டும். அந்த வருடம் முழுக்க நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பையைக் கொடுத்திருந்தார்கள். அதில் பஞ்சு, உப்புத்தாள், அரிசி, பழைய பிரஷ் எல்லாம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுத் தொட்டு எது என்னவென்று சொல்லிப் பழகவேண்டும். அப்படிப் பழகினால் விரல் மறந்ததை மூளை ஞாபகப்படுத்துமாம். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் பை மூலைக்குப் பறந்தது.

“நான் என்ன கிண்டர்கார்டன் பிள்ளையா? அரிசியத் தொட்டு அரிசின்னு சொல்றதுக்கு!” என்று கத்தினார்.

அரிசி கூடமெல்லாம் சிதறிக் கிடந்தது. பெருக்கினேன். பெருக்கும்போது நானும் நாலு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுதவேண்டாம்.

என் அண்ணனுக்குக் கடலோரம் காப்பாரில் வீடு. மின்நிலையத்தில் வேலை, விடுமுறையானால் கடல். சின்ன ஃபைபர் போட் ஒன்று வைத்திருந்தான். விபத்துக்கு முன்னால் மாதம் ஒரு தடவையாவது என் கணவரும் அவனோடு போவார். உயிர் இறாலைக் கொக்கியில் கோர்த்து, ஈயக்குண்டு கட்டிக் கடலடியில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் கிடைத்த நாளில் அண்ணன் மீனைப் பற்றிப் பேசுவான், கிடைக்காத நாளில் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான அலுமினியக் குழாய் ஒன்றோடு வந்தான். மின்நிலையத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுவிட்டுப் போனதாம்.

“மச்சான், இது தூண்டிலாம். நான் ரெண்டு தடவ வீசிப் பார்த்தேன், என் கழுத்துல சுத்திக்கிச்சு. தங்கச்சி, ஒனக்கு வேணும்னா திரைச்சீலை மாட்ட வச்சுக்க,” என்றான்.

குழாய்க்குள் நாலு துண்டாகக் கழற்றி வைத்த மெல்லிய கோல். கூடவே ஒரு சப்பையான டப்பா. அதைத் திறந்து பார்த்தவுடன் நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் இறகும் முடியும் மினுங்கும் இழையும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பார்ப்பதற்கு அப்படியே ஜடைக் குஞ்சம். கொக்கிகள் துருப்பிடித்துப் போயிருந்தாலும் கட்டு மட்டும் ஒரு இழைகூட நெகிழவில்லை. கட்டியவனுக்குக் கைவேலை தெரிந்திருக்கிறது.

“இதப் போய் மீன் திங்குமா?” என்று கேட்டேன்.

“உயிர் இறால் போட்டாலே யோசிக்குது. இறகத் திங்கிறதுக்கு அது என்ன பைத்தியமா லா?” என்றான் அண்ணன்.

என் கணவர் ஒரு குஞ்சத்தை இடது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் தன் கையைத் தவிர வேறொன்றைப் பார்க்கிறார் என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் மீன்பிடிப் பத்திரிகைகள் கிடைத்தன. அவர் படித்து எனக்குச் சொல்லுவார், நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகங்கள் முளைத்தன. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் பறக்கும், நைலான் அதன் பின்னால் போகும். இதில் குஞ்சத்துக்கு எடையே இல்லை. அப்படியானால் எது பறக்கிறது? கயிறு பறக்கிறதாம். கயிற்றையே கனமாகச் செய்து, அதைச் சாட்டை போலப் பின்னால் வீசி, அது காற்றில் நேராகும்வரை பொறுத்து, பிறகு முன்னால் விடவேண்டும். குஞ்சத்துக்கு இங்கிலீஷில் ஈ என்று பெயர். ஆற்று மீன் ஈயைத் தின்னும், அதனால் அந்தப் பெயர். கடல் மீன் எந்தக் காலத்தில் ஈ தின்றது? அது சின்ன மீனைத் தின்னும். ஆகவே கடலுக்குக் கட்டும் ஈ, ஈயே இல்லை, மீன். இதையெல்லாம் கேட்டு அன்று சாம்பாரை அடிப்பிடிக்க விட்டேன்.

“குஞ்சம் கட்டறது என்ன பெரிய வித்தையா? எத்தன கல்யாணத்துக்குக் கட்டியிருக்கேன்,” என்றேன்.

“கட்டு பார்ப்போம்,” என்றார்.

“நான் கட்ட மாட்டேன். நீங்க கட்டுங்க. நான் சாமான் எடுத்துத் தரேன்.”

என் கணக்கு அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் கொண்டுவந்து கொடுத்த சின்ன இரும்புப் பிடிப்பானை மெஷின் மேசையில் திருகி, அதன் வாயில் கொக்கியைக் கவ்வ வைத்தோம். அவர் இடது கையால் இறகைப் பிடிப்பார், வலது கையால் நூலைச் சுற்றுவார். நூல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கம் என்று விரல் சொல்லாது, கண்தான் சொல்லவேண்டும். முதல் வாரம் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அறுந்த நூலை நான் பொறுக்குவேன், அவர் திட்டுவார். திட்டு நூலுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

கட்டி முடித்ததும் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். கண்ணை மூடச் சொல்லி, அந்த மூன்று விரலிலும் ஒவ்வொன்றாக வைப்பேன். சரிகை, ஆட்டு முடி, பட்டு நூல், சேவல் இறகு. மூலைக்குப் பறந்த பை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்தும் அவர் கண்ணை மூடினார். சரிகையை மட்டும் சரியாகச் சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அப்புறம்தான் தெரிந்தது, சரிகை உரசும் சத்தத்தை வைத்துச் சொல்கிறார் என்று. அதிலிருந்து வானொலியைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கேட்டேன். பிறகு எதையுமே சரியாகச் சொல்லவில்லை.

சேவல் இறகு வந்த கதையைச் சொல்லவேண்டும். நல்ல குஞ்சத்துக்குச் சேவலின் முதுகிலிருந்து வால் பக்கம் தொங்குகிற நீண்ட மெல்லிய இறகுதான் வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பாசாரில் கோழிக்கடைக்காரர் வைத்திருப்பதெல்லாம் பண்ணைக் கோழி, அதற்கு இறகு இருப்பதே பெரிய விஷயம். அப்போதுதான் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் முனியாண்டி கோவில் பூஜை வந்தது. வருடா வருடம் சேவல் அறுப்பார்கள், கிடா வெட்டுவார்கள். எல்லாரும் கறிப் பங்குக்கு நிற்க, நான் ஒரு பிளாஸ்டிக் பையோடு இறகுக்கு நின்றேன். வெள்ளைச் சேவலாகப் பார்த்துக் கேட்டேன். கிடாவின் வால் முடியையும் கேட்டேன்.

“என்னாக்கா, ஏதும் வைத்தியமா?” என்று பூசாரி கேட்டார்.

“ஆமா, வைத்தியந்தான்,” என்றேன். பொய் இல்லையே.

கொண்டுவந்த முடியிலும் இறகிலும் ஆட்டு வாடையும் ரத்த வாடையும் அடித்தன. அதை அப்படியே வீட்டுக்குள் விடுவேனா? சீயக்காய் போட்டு அலசினேன். வெயிலில் உலர்த்தினேன். அன்று வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போட்டபோது கூடையைக் கவிழ்த்து அதற்கும் புகை காட்டினேன். ஆட்டு முடி உலர்ந்து சணல் போல விறைத்து நின்றதால், தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து நீவிவிட்டேன். முடி என்றால் எண்ணெய் வைப்போம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. முடி மினுமினுவென்று அவ்வளவு அழகாக இருந்தது.

கட்டிய குஞ்சங்களை நான் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். துணியின் நிறத்தை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துதான் போவோம். சேலைக்கடையில் வாசல் நடைக்கு, ஐந்தடிப் பாதைக்கு, எடுத்து வந்து பார்த்தால்தான் ராமர் பச்சையா மயில்கழுத்தா என்று தெரியும். அப்படிப் பார்த்து மாம்பழ மஞ்சளும் அரக்கும் வைத்து ஒரு குஞ்சம் கட்டச் சொன்னேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

மற்ற சாமான்களுக்குக் கிள்ளானில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். எங்கள் கோலில் எட்டு என்று எண் போட்டிருந்தது. எண் கூடக் கூடக் கோல் பலமானது, பெரிய மீனுக்கு ஏற்றது. ஆழ்கடலுக்குக் குறைந்தது பத்தாவது வேண்டும் என்றது பத்திரிகை. கூட வந்த அண்ணன், பன்னிரண்டே வாங்கு, தெங்கிரி, அதுதான் வஞ்சிரம், அடித்தால் தாங்கவேண்டாமா என்றான். கடைக்காரர் பத்தை எடுத்து என் கணவரிடம் கொடுத்தார். நாலு தடவை ஆட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை கடைக்காரர் ஏதோ கேட்க, அவர் பக்கம் திரும்பினார். கோல் கையிலிருந்து கழன்று கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்தது. கடைக்காரர் பதறவில்லை, “தாப்பா, பாஸ்”, பரவாயில்லை என்று எடுத்து வைத்துக்கொண்டார். என் கணவரின் காது மடல் சிவந்துவிட்டது.

மீனுக்கு ஏற்ற கோலா, கைக்கு ஏற்ற கோலா? வெளியே காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலுக்கும் அது பொருந்தும்தானே. எட்டே போதும், கோலுக்குத் தகுந்த மீனைத் தேடுவோம் என்று நான் சொன்னேன். தெங்கிரிக்குப் பல் கத்தி மாதிரி, அதற்கென்று கம்பி கட்டவேண்டும். தாலாங் என்கிற தோல்பாறை அப்படியில்லை. அது கூட்டமாக மேலே வந்து சின்ன மீனைத் துரத்தும், வேகமாக ஓடும், நைலானே தாங்கும். தாலாங்தான் என்று முடிவானது. மனிதனின் கையைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

திரும்பவும் கடைக்குள் போனோம். கடைக்காரர் கயிறு சுற்றும் ரீல் இரண்டு காட்டினார். ஒன்று ஆற்றுக்கானது, அழகாகவும் சின்னதாகவும் இருந்தது, அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. நான் அதன் திருகாணியைப் பார்த்தேன். இரும்பு.

“ஊறுகாய் ஜாடியில இரும்புக் கரண்டி போடுவமா? கடல் முழுக்க உப்பு. வேணாம்ணே,” என்றேன்.

கொக்கிகள் இரண்டு வகை காட்டினார், அதிலும் அதே சந்தேகம். எல்லாமே துருப்பிடிக்காதவை என்றார் கடைக்காரர். எல்லாக் கடைக்காரரும் சாயம் போகாது என்றுதான் துணி விற்கிறார்கள். இரண்டு வகையிலும் கொஞ்சம் வாங்கி வந்து, வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்த் தண்ணீரில் போட்டு வைத்தேன். சில நாளில் ஒரு வகை கறுத்து, தொட்டால் பழுப்புத் தூள் உதிர்ந்தது. இன்னொரு வகை போட்டது போலவே இருந்தது. என் கணவர் அந்தக் கண்ணாடி ஜாடியைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது.

குவார்ட்டர்ஸ் திடலில் சாயங்காலம் வீசிப் பழகினார். கயிறு பின்னால் போய் நேராகிவிட்டதா என்று அவருக்குத் தெரியாது, கண்ணோ கையை விட்டு நகர முடியாது. அதனால் நான் பின்னால் நின்று, “ம்” என்பேன். அவர் முன்னால் விடுவார். கோவிலுக்குப் போகிறவர்கள், “என்ன அண்ணே, புல்லுல மீனு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வானத்தில் அந்தக் கயிறு சுருண்டு விரிவதைப் பார்த்தால், ஈரச் சேலையை உதறும்போது ஒரு கணம் காற்றில் நிற்குமே, அது போல இருக்கும். அதைப் பார்க்கக் கூச்சத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

முதல் தடவை நான் கூடப் போகவில்லை. தைத்து முடிக்கவேண்டிய கல்யாணத் துணி இருந்தது. விடியலில் போனவர்கள் மத்தியானம் திரும்பினார்கள். அண்ணன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினான்.

“தங்கச்சி, ஒன் குஞ்சம் மெதக்குது லா! தேங்காய் மட்ட மாதிரி மெதக்குது. தாலாங் எல்லாம் அடியில போவுது, இது மேல உக்காந்து வெயில் காயுது. கிட்ட போய்ப் பார்த்தா, சுத்தி எண்ண மெதக்குது. எண்ண வச்சியா?”

“முடிக்கு எண்ண வைக்காம?”

“சாம்பிராணி வாசன வேற. மீனு வந்து கும்புட்டுட்டுப் போயிருக்கும்.”

நானும் சிரித்திருப்பேன். ஆனால் என் கணவர் சிரிக்கவில்லை. உள்ளே போனார், குழாயைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார், நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். அதே பார்வை. மிதந்தது என் எண்ணெயால்தானே, நீங்கள் கட்டியதில் ஒரு குறையும் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன்.

“அது இல்ல. ரெண்டு தடவ கோலு கையில இருந்து விழுந்துச்சு. கடலுக்குள்ள போவாம மச்சான் புடிச்சாரு. போதும்மா. யாருக்காவது குடுத்துடு.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் நான் பாசாருக்குப் போவேன். மறுநாள் போனபோது மீன்காரரிடம் தாலாங் ஒன்று கிடந்தது. அதன் வயிற்றில் என்ன இருக்கும் என்று திடீரென்று தோன்றியது. நான் இத்தனை நாளும் மனிதர் கண்ணுக்கு எது அழகு என்று பார்த்தேனே தவிர, சாப்பிடப் போகிறவன் என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? அளவெடுக்காமல் ரவிக்கை தைத்தது போலல்லவா ஆயிற்று.

“கொடல வீசிடாதீங்க, அதையும் கட்டிக் குடுங்க,” என்றேன்.

மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் கழுவும் தொட்டியில் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். உள்ளே எல்லாம் நெத்திலி. பாதி செரித்தது, செரிக்காதது, எல்லாம் என் சுண்டுவிரல் நீளம். நான் கட்டச் சொன்ன குஞ்சம் அதைப் போல மூன்று மடங்கு. மாம்பழ மஞ்சளாம், அரக்காம். நெத்திலிக்கு நிறமே இல்லை. கண்ணாடி போல உடம்பு, பக்கவாட்டில் ஒரே ஒரு வெள்ளிக் கோடு, பெரிய கண். இத்தனை வருடம் நெத்திலிச் சம்பல் செய்திருக்கிறேன், ஒரு நாளும் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

“இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!” என்று கத்தினேன்.

கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து ஓடிவந்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு என் அளவு டேப்பை எடுத்து ஒரு நெத்திலியின் பக்கத்தில் வைத்தார்.

அதற்கப்புறம் கட்டிய குஞ்சங்கள் வேறு மாதிரி. இரண்டே இரண்டு வெள்ளை இறகு, நாலைந்து இழை ஆட்டு முடி, அதுவும் எண்ணெய் இல்லாமல், நடுவில் ஒற்றைச் சரிகை. கண்ணுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. வெயிலில் பார்த்தால் ஏழை வீட்டுக் குஞ்சம். ஆனால் மீன் வெயிலில் நின்றா பார்க்கிறது? ஊறுகாய் ஜாடியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, குஞ்சத்தை அதில் தொங்கவிட்டு, ஜாடியை அவர் தூக்கிப் பிடிக்க, நான் தரையில் மல்லாந்து படுத்துக் கீழிருந்து பார்த்தேன். ரவிக்கை வாங்க வந்த ஒருத்தி அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள். தண்ணீருக்குள் சரிகை பளிச் பளிச்சென்று வந்து வந்து மறைந்தது. இறகு மூச்சு விடுவது போல அசைந்தது. அது இறகு என்பதே எனக்கு மறந்துபோனது.

விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன. இறகைத் தொட்டுச் சரிகை என்றார், சரிகையைத் தொட்டு ஒன்றுமில்லை என்றார். அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பேப்பர் கிளிப்பின் முனையால் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். விரல்களின் அடிப்பகுதியில் சில இடத்தில் தெரிகிறாற்போல் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது என்றார் என் கணவர். இவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு வாழப் பழகுவதும் நல்லது என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

“இந்த ஞாயிறு போலாம்னு அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “ம்” என்றார்.

இந்தத் தடவை நானும் போட்டில் ஏறினேன். பெண்கள் வந்தால் மீன் வராது என்று அண்ணன் முணுமுணுத்தான். கீழிருந்து பார்த்தவள் மேலிருந்தும் பார்க்கவேண்டாமா என்றேன். காப்பார் ஆற்றுச் சேற்று நீரைத் தாண்டி, துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கப்பல்களையும் தாண்டிப் போனோம். பால் காப்பி நிறத்தில் இருந்த தண்ணீர் மெல்ல மெல்லப் பச்சையானது. போட் ஆடிய ஆட்டத்துக்கு எலுமிச்சையை முகர்ந்துகொண்டு, அலைக்கு அடியில் என்ன இருக்கும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

தூரத்தில் பறவைகள் தண்ணீரைக் கொத்திக் கொத்தி எழுந்தன. அண்ணன் எஞ்சினை அணைத்தான். போட் தானாக மிதந்து நெருங்கியபோது, கடலின் மேல் ஓரிடம் மட்டும் மழை பெய்வது போலக் கொதித்தது. நெத்திலிகள் தெறித்துத் தெறித்து விழுந்தன. அவற்றுக்கு அடியில் தகடு தகடாக வெள்ளி புரண்டது.

“தாலாங் மச்சான்! வீசு, வீசு!”

அவர் எழுந்து நின்றார். கண் விரல்களின் மேலேயே இருந்தது. கயிறு பின்னால் போனது. நான் “ம்” என்றேன். முன்னால் விட்டார். குஞ்சம் கொதிப்பின் ஓரத்தில் விழுந்து, மிதக்காமல், முழுகியது. எனக்கு அதிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. வலது கை ஆட்காட்டி விரலுக்கும் கோலின் தக்கைப் பிடிக்கும் நடுவே கயிறு ஓட, இடது கையால் இழுத்தார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

மூன்றாவது இழுப்பில் கயிறு நின்றது. பிறகு தானாகவே திரும்பி ஓடியது. காலடியில் சுருண்டு கிடந்த கயிறெல்லாம் ஒரே மூச்சில் எழுந்து, அவர் விரலுக்கு அடியில் சீறிக்கொண்டு போனது. கோல் வில்லாக வளைந்தது. தூரத்தில் ஒரு தாலாங் முழு உடம்போடு காற்றில் எழும்பி வெயிலில் மின்னியது. நாங்கள் கட்டிய இறகைத் தின்றுவிட்டது. பைத்தியக்கார மீன்! நான் எழுந்து நின்று கத்தினேன், போட் ஆடியது, அண்ணன் என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

“விடாத மச்சான், கோலத் தூக்கு!”

ஆனால் அவர் கோலைத் தூக்கவில்லை. விரலைத் தூக்கிவிட்டார். கயிறு தொய்ந்தது. மீன் இன்னொரு தடவை எழும்பித் தலையை உதறியது, கொக்கி கழன்றது. கோல் போட்டுக்குள் விழுந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ, போச்சே! என்னா மச்சான் இது? நல்லா அடிச்சிருந்துச்சே! ஏன் விட்ட?”

என் கணவர் அவனைப் பார்க்கவே இல்லை. ஆட்காட்டி விரலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் நடுக் கணுவுக்குக் கீழே கயிறு ஓடிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

“சுடுது,” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“ஏய், சுடுது. எரியுது இங்க.”

நான் ஆடும் போட்டில் தவழ்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தேன். கண்ணை மூடச் சொன்னேன். மூடினார். சிவப்புக் கோட்டின் மேல் நகத்தால் கிள்ளினேன்.

“ஆ!”

விரலின் மறுபக்கம் கிள்ளினேன். இன்னும் கொஞ்சம் மேலே கிள்ளினேன்.

“வலிக்குதுன்னு சொல்றேன்ல!” என்று கத்தினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

நான் அழுதுகொண்டே இன்னொரு தடவை கிள்ளினேன்.